தழும்பை அழிப்பதற்கு முன்: கண்டியின் அழகுச் சந்தையும் போர்க்காயம் சுமக்கும் உடல்களும்

கொழுப்பைக் கரைக்கும் ஊசி, தழும்பு நீக்கம், கொலாஜன் சிகிச்சை. இலங்கையின் நகரங்களில் அழகு நிலையங்களும் சில தனியார் சிகிச்சை நிலையங்களும் முகநூலிலும் டிக்டொக்கிலும் இன்று கூவி விற்கும் சரக்குகள் இவை. கண்டியும் இதற்கு விலக்கல்ல. திருமணத்துக்குத் தயாராகும் பெண்கள், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவுகள், பிரசவத்தின் பின் வயிறு தளர்ந்த தாய்மார் ஆகியோரே இந்தச் சந்தையின் கண்ணுக்குத் தெரியும் வாடிக்கையாளர்கள். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கூட்டமும் உண்டு. எறிகணைச் சிதறல் கிழித்த தோள், தீயில் வெந்த கழுத்து, தடுப்புக்காவலில் சூடு பட்ட முதுகு என்று உடலில் போரைச் சுமப்பவர்கள் அவர்கள். வேலைக்கான நேர்முகத் தேர்விலோ, பெண் பார்க்கும் வீட்டிலோ, சோதனைச் சாவடியிலோ ஒரு தழும்புக்காக விளக்கம் சொல்லிக் களைத்தவர்களுக்கு 'ஒரே மாதத்தில் தழும்பு மறையும்' என்ற விளம்பரம் வெறும் அழகு விளம்பரமாகத் தெரிவதில்லை.

இந்த ஆசையைப் பழிக்க எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் தழும்பு என்பது என்ன, கொழுப்புக்கும் கொலாஜனுக்கும் அதனோடு என்ன உறவு, எதை யாரிடம் செய்துகொள்ளலாம், செய்வதற்கு முன் எதைப் பாதுகாத்துக்கொள்ள வேண்டும் என்பன தெரியாமல் எடுக்கும் முடிவு, ஒரு காயத்தின் மேல் இன்னொரு காயத்தை உண்டாக்கிவிடலாம்.

தழும்பு எப்படி உருவாகிறது

எமது உடலில் உள்ள புரதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொலாஜன். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கும் நார் அது. காயமில்லாத தோலில் இந்த நார்கள் நன்றாகப் பின்னிய பாய் போல எல்லாத் திசைகளிலும் ஊடுபாவாக ஓடுகின்றன. அதனால்தான் தோல் இழுபட்டும் பழைய நிலைக்குத் திரும்புகிறது.

காயம் ஏற்பட்டதும் உடலுக்கு அவசரம். கிருமி புகுவதற்கு முன் வாயை மூட வேண்டும். முதலில் மெல்லிய மூன்றாம் வகைக் கொலாஜனை அள்ளிக் கொட்டுகிறது. பிறகு மாதக்கணக்கில் அதை உறுதியான முதலாம் வகையாக மாற்றி அடுக்குகிறது. இந்த அடுக்கல் பாய்ப் பின்னல் போல இல்லாமல், கயிற்றுக் கட்டுப் போல ஒரே திசையில் நெருக்கமாக அமைந்துவிடுகிறது. மூன்று வாரத்தில் தழும்பின் பலம் பழைய தோலின் ஐந்தில் ஒரு பங்கு அளவே. ஓராண்டுக்கு மேல் கடந்தாலும் சுமார் 80 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. தழும்பில் மயிர் முளைக்காது, வியர்வை சுரக்காது. வெய்யிலில் அது மட்டும் காந்துவதற்கும் இழுபடும்போது நோவதற்கும் காரணம் இதுவே.

கொலாஜன் கட்டப்படுவதற்குப் புரதமும் விற்றமின் சியும் தேவை. 2009இன் முதல் ஐந்து மாதங்களில் வன்னியில் காயப்பட்டவர்களை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். உணவு கஞ்சியாகச் சுருங்கியிருந்தது. மயக்க மருந்தும் கிருமி எதிர்ப்பு மருந்தும் தட்டுப்பட்டதை ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை பதிவு செய்துள்ளது. புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைக்கு உள்ளாகி, நோயாளர்கள் புதுமாத்தளனுக்கும் பின்னர் முள்ளிவாய்க்காலுக்கும் நகர்த்தப்பட்டார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலில் திருகோணமலைக்கோ புல்மோட்டைக்கோ போய்ச் சேர்ந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். தைக்கப்படாமல், சீழ் பிடித்து, நாட்கணக்கில் திறந்து கிடந்து தானாக மூடிய காயம் தடித்த, சுருங்கிய, அடியோடு ஒட்டிய தழும்பாகத்தான் முடியும். அத்தகைய தழும்பு அந்த மனிதரின் தோலில் இருந்த குறையால் வந்ததன்று. மருந்தும் உணவும் மறுக்கப்பட்ட சூழல் எழுதிவிட்டுப் போனது அது.

கொழுப்பு ஏன் இதற்குள் வருகிறது

தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புப் படலத்தை நாம் வேண்டாத சுமையாகவே பார்க்கப் பழகியிருக்கிறோம். உண்மையில் தோல் தசையின் மேல் வழுக்கி அசைய இடம் கொடுப்பது அதுதான். ஆழமான காயத்தில் இந்தப் படலம் அழிந்துபோனால் தழும்பு நேரே தசையோடும் எலும்போடும் ஒட்டிக்கொள்கிறது. தோளிலோ தொடையிலோ குழி விழுந்து, கையை உயர்த்தும்போது உள்ளே யாரோ பிடித்து இழுப்பது போல உணர்பவர்களின் பிரச்சினை இதுவே.

இதற்கு அதே மனிதரின் கொழுப்பையே மருந்தாக்கலாம் என்ற எண்ணம் புதியதல்ல. 1893இல் ஜேர்மனியைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் குஸ்தாவ் நொய்பர், முகத்தில் எலும்போடு ஒட்டிக் குழி விழுந்திருந்த தழும்பை நிரப்பக் கையிலிருந்து கொழுப்பை எடுத்து வைத்தார். பதிவான முதல் கொழுப்பு மாற்று, ஒரு தழும்புக்காகவே செய்யப்பட்டது. 1970களின் பிற்பகுதியில் பாரிஸில் இல்லூஸ் உள்ளிட்டோர் மெல்லிய குழாயால் கொழுப்பை உறிஞ்சும் முறையைப் பரப்பினார்கள். லிப்போசக்ஷன் என்று இன்று விளம்பரமாவது அதுதான். 1990களில் அமெரிக்காவின் சிட்னி கோல்மன் உறிஞ்சிய கொழுப்பைத் துப்புரவாக்கிச் சிறு சிறு துளிகளாகச் செலுத்தும் முறையை ஒழுங்குபடுத்தினார். 2001இல், உறிஞ்சிய கொழுப்பில் மூல உயிரணுக்கள் இருப்பது காட்டப்பட்டது.

இதன் பின்னரே கொழுப்புக்கும் தழும்புக்குமான உறவு ஆழமாக ஆராயப்பட்டது. தழும்பைக் கட்டுகின்ற உயிரணுக்கள் சில சூழல்களில் கொழுப்பு உயிரணுக்களாக மாறக்கூடும் என்று 2017இல் எலிகளில் நடந்த ஆய்வொன்று காட்டியது. தீக்காயத் தழும்புக்கு அடியில் கொழுப்பைச் செலுத்தியபோது அது மிருதுவானதாக 2008 முதல் இத்தாலிய நிபுணர்கள் எழுதி வருகிறார்கள். அதேவேளை, பிள்ளைகளின் தீக்காயத் தழும்பில் உப்பு நீரையும் கொழுப்பையும் ஒப்பிட்டு 2017இல் வெளியான சிறிய ஆய்வு, தோற்றத்தில் முன்னேற்றம் எதுவும் இல்லை என்றது. சுருங்கச் சொன்னால், குழியை நிரப்பவும் ஒட்டிய தழும்பை அடியிலிருந்து விடுவிக்கவும் கொழுப்பு உதவும். தழும்பைக் காணாமற் செய்யும் என்பது விளம்பரக்காரரின் வாக்கு.

செலுத்திய கொழுப்பு முழுவதும் நிலைப்பதுமில்லை. புதிய இடத்தில் இரத்தக் குழாய் முளைக்கும்வரை அருகிலிருந்து கசியும் ஒட்சிசனை நம்பியே அது உயிர் வாழ வேண்டும். இரத்தம் கிடைக்கும் இடத்திலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீற்றருக்கு அப்பால் கட்டியாக வைத்த கொழுப்பு செத்துவிடும். செத்த கொழுப்பு எண்ணெய்க் கட்டியாகும், அல்லது அதைச் சுற்றி உடல் மறுபடியும் கொலாஜன் நாரைக் கட்டி இறுகச் செய்துவிடும். கொழுப்பை உறிஞ்சி எடுத்த இடத்திலும் நடப்பது இதே கதைதான். குழாய் ஓடிய ஒவ்வொரு பாதையும் உள்ளே ஒரு காயம். அந்தக் காயம் நாராக ஆறும்போது தோல் மேடு பள்ளமாகவும் கல்லுப் போலவும் உணரப்படலாம். பெரும்பாலும் இது மாதங்களில் இளகும். அளவு மீறி உறிஞ்சினால் தோல் அடியோடு ஒட்டி நிரந்தரமாகக் குழி விழும். அதாவது, தழும்பை நீக்கத் தெரிந்த அதே முறை, தெரியாத கையில் புதிய தழும்பை உண்டாக்கும்.

காது குத்தும் வீட்டுக்குத் தெரிந்த உண்மை

காது குத்திய இடத்தில் கொட்டைப் பாக்களவு தடித்து வளர்ந்த தழும்பை எமது ஊர்களில் காணாதவர் இல்லை. கீலொயிட் எனப்படும் இந்த வளர்ச்சி கறுத்த தோலில் அதிகம். காயத்தின் எல்லைக்குள் தடிப்பது ஒருவகை. எல்லையைத் தாண்டிப் பரவுவது கீலொயிட். இரண்டிலும் கோளாறு கொலாஜன் குறைந்ததால் வந்ததல்ல, அளவு மீறிச் சேர்ந்ததால் வந்தது. நெஞ்சு, தோள், காதுமடல், தாடை ஆகிய இடங்களில் அபாயம் கூட. கீலொயிட்டை வெட்டி மட்டும் எடுத்தால் பாதிப்பேருக்காவது திரும்பவும் முளைக்கிறது, சிலருக்கு முன்னையதை விடப் பெரிதாக.

ஆகவே, தழும்பு உள்ளவருக்குக் 'கொலாஜன்' பவுடரையும் பானத்தையும் விற்பது வேடிக்கையான வியாபாரம். வாயால் உட்கொள்ளும் கொலாஜனை வயிறு மற்றப் புரதங்களைப் போலவே உடைத்துவிடுகிறது. அது தேடிப் போய்த் தழும்பைச் சீராக்கும் என்பதற்கு நம்பத் தகுந்த ஆதாரம் இல்லை. மீனும் பருப்பும் முட்டையும் நெல்லிக்காயும் கொய்யாவும் அதே வேலையைக் குறைந்த செலவில் செய்யும்.

உண்மையில் பயன் தருபவை எளியவை, ஆனால் பொறுமை கேட்பவை. சிலிக்கன் தகடு அல்லது களிம்பு, மாதக்கணக்கில் நாள் முழுக்க அணியும் அழுத்த ஆடை, தழும்புக்குள் இடைவெளி விட்டுப் போடும் ஸ்டெரொயிட் ஊசி, உடற்பயிற்சி சிகிச்சை, மூட்டு மடங்கிப் பிடித்திருந்தால் அதை விடுவிக்கும் சத்திரசிகிச்சை என்பவை அவை. தழும்பு முதிர்வதற்கு ஓராண்டுக்கு மேலாகும் என்பதால் அவசரமும் கூடாது.

ஊசி யார் கையில்?

கொழுப்பைக் கரைக்கும் ஊசி மருந்தொன்றுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2015இல் கொடுத்த அனுமதி தாடைக்குக் கீழுள்ள கொழுப்புக்கு மட்டுமானது. வயிற்றுக்கும் தொடைக்கும் அனுமதியற்ற கலவைகள் ஏற்றப்பட்டு, தழும்பு, கிருமித் தொற்று, வலிக்கும் கட்டிகள் ஏற்பட்டதாக அதே நிர்வாகம் 2023 டிசம்பரில் எச்சரித்தது. 2013–2014 காலப்பகுதியில் மலிவான அழகுச் சத்திரசிகிச்சைக்காக டொமினிக்கன் குடியரசுக்குச் சென்று திரும்பிய அமெரிக்கர்கள் பலர், காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த கிருமித் தொற்றால் மாதக்கணக்கில் துன்பப்பட்டார்கள். பிருட்டத்தைப் பெருப்பிக்கக் கொழுப்பு ஏற்றும் சிகிச்சையில் ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர் இறக்கலாம் என்று 2018இல் சர்வதேச பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைச் சங்கங்களே எச்சரித்தன. கொழுப்பு பெரிய நாளத்துள் புகுந்து இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் போவதே காரணம்.

இலங்கையில் சட்டம் இல்லாமல் இல்லை. மருத்துவக் கட்டளைச் சட்டத்தின்படி பதிவு பெறாதவர் வைத்தியம் பார்ப்பது குற்றம். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி தனியார் மருத்துவ நிலையங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபை அதற்குப் பொறுப்பு. மருந்துகளுக்கு 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் அதன் கீழான அதிகார சபையும் உள்ளன. சிக்கல் எங்கே என்றால், முடி வெட்டவும் முகத்துக்குப் பூசவும் திறந்த நிலையம் பின்னறையில் ஊசி போடத் தொடங்கும்போதுதான். அழகு நிலையமாகப் பார்த்தால் அது வைத்தியசாலையல்ல. ஊசியைப் பார்த்தால் அது அழகு நிலையமல்ல. இந்த இடைவெளியில் பாதிக்கப்படுபவர் முறைப்பாடு செய்யவும் வெட்கப்படுவார். தமிழில் முறைப்பாடு செய்ய வழி தெரியாதவர் அதைவிடவும் வாயடைத்துப் போவார்.

மலையகத்தின் தழும்புகள்

கண்டியைச் சுற்றிய தோட்டங்களிலும் நுவரெலியா, ஹட்டன், மாத்தளைப் பக்கங்களிலும் தழும்புக்குப் போர் மட்டும் காரணமல்ல. லயன் அறையின் நெருக்கடியில் கவிழும் குப்பி விளக்கும் அடுப்பும் எத்தனையோ பெண்களையும் பிள்ளைகளையும் எரித்திருக்கின்றன. எளிதில் கவிழாத குட்டையான விளக்கை உருவாக்கிப் பரப்பிய இலங்கைச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர 1998இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். ஒரு தழும்பைச் சிகிச்சையால் குறைப்பதைவிட, ஒரு விளக்கின் வடிவத்தை மாற்றுவது அதிகம் பேரைக் காக்கும் என்பதற்கு அவருடைய பணி சாட்சி.

வெளியே தெரியாத தழும்பும் மலையகத்தில் உண்டு. வெற்றிலையோடு பாக்கை நாள் முழுக்கக் கன்னத்தில் ஒதுக்குபவர்களுக்கு வாயின் உட்புறம் வெளிறி, நாராகி, வாய் திறக்க முடியாமல் இறுகுகிறது. பாக்கிலுள்ள அரெக்கொலின் என்ற பொருள் கொலாஜனை மேலும் மேலும் கட்டத் தூண்டுகிறது. பாக்கிலுள்ள செம்பு அந்த நாரைக் கரையாதபடி இறுக்குகிறது. இது சிலருக்கு வாய்ப் புற்றுநோயாக மாறும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவ பீடமும் அதனுடன் இணைந்த போதனா வைத்தியசாலையும் இதில் நீண்ட அனுபவம் உள்ளவை. கொழுந்து பறிக்கும் களைப்புக்காகப் பாக்கு மெல்லும் ஒரு பெண்ணின் வாயை இறுக்குவதும், முள்ளிவாய்க்காலில் வெந்த ஒருவரின் கழுத்தை இறுக்குவதும் ஒரே நார்தான்.

கண்டி நகரமும் இந்தக் கணக்கிலிருந்து தப்பவில்லை. 1983 ஜூலையில் இங்கே தமிழர் கடைகள் எரிந்தன. 1998 ஜனவரி 25இல் தலதா மாளிகை வாசலில் வெடித்த குண்டும், 2008 ஜூன் 6இல் பொல்கொல்லையில் பேருந்தில் வெடித்த குண்டும் சாதாரண மக்களைக் கொன்றும் காயப்படுத்தியும் சென்றன. எந்தத் தரப்பு காயப்படுத்தினாலும் தோல் ஒரே விதமாகத்தான் ஆறுகிறது. சிகிச்சையும் அப்படியே எல்லோருக்கும் கிடைக்க வேண்டும்.

தழும்பு ஒரு சாட்சியமும் கூட

எமது வாசகர்களில் பலருக்கு இதுவே முக்கியமான பகுதியாக இருக்கலாம். உடலில் உள்ள தழும்பு அழகுக்குறை மட்டுமன்று. அது ஓர் ஆவணம். பிரித்தானியக் குடிவரவுத் தீர்ப்பாயம் 2007இல் இலங்கைத் தமிழர் தொடர்பாக வழங்கிய வழிகாட்டித் தீர்ப்பில், திரும்பி வருவோருக்கு ஆபத்தைக் கூட்டும் காரணிகளில் ஒன்றாகத் தழும்பையும் பட்டியலிட்டது. 2019 மார்ச் 6இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இன்னும் நேரடியானது. முதுகிலும் கையிலும் சூடான உலோகத்தால் ஏற்பட்ட தழும்புகளோடு வந்த ஒரு தமிழரிடம், அவை அவருடைய சம்மதத்தோடு இன்னொருவரால் போடப்பட்டிருக்கலாம் என்று கீழ்த் தீர்ப்பாயம் கூறியிருந்தது. ஒருவர் தன்னைத் தானே அப்படிச் சுடச் சம்மதிப்பது மிக அரிது என்பதற்கு உரிய கனம் கொடுக்கப்படவில்லை என்று கூறிய உச்ச நீதிமன்றம், வழக்கை மறுபடி விசாரிக்கத் திருப்பி அனுப்பியது. அங்கே பேசியது தழும்பின் விளிம்பு, வடிவம், இருப்பிடம் ஆகியவை பற்றிய வைத்திய அறிக்கை.

சித்திரவதையை ஆவணப்படுத்துவதற்கான இஸ்தான்புல் நெறிமுறை 1999இல் உருவாகி 2022இல் திருத்தப்பட்டது. சொல்லப்படும் சம்பவத்தோடு தழும்பு எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்பதைப் படிப்படியாக மதிப்பிடும் முறையை அது தருகிறது. கொழுப்பு ஏற்றி, லேசர் அடித்து, வெட்டித் தைத்த பிறகு அந்த வடிவத்தைப் படிப்பது கடினம். இலங்கையில் சித்திரவதைக்கு எதிரான சட்டம் 1994 முதல் இருக்கிறது. பொறுப்புக்கூறல் பற்றிய ஆதாரங்களைச் சேகரிக்கும் பணி 2021ஆம் ஆண்டின் ஜெனீவாத் தீர்மானத்தின் பின் ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலகத்திடம் உள்ளது. இன்று வழக்கு இல்லை என்பதால் நாளையும் இருக்காது என்று சொல்ல முடியாது.

இதற்காக வலியையும் அவமானத்தையும் ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டும் என்று எவரையும் கட்டாயப்படுத்த முடியாது. சிகிச்சைக்கு முன் செய்ய வேண்டியது இதுதான்: பகல் வெளிச்சத்தில், அளவுகோலை அருகில் வைத்து, தூரத்திலிருந்தும் கிட்டவும் படம் எடுங்கள். காயம் எப்போது, எங்கே, எதனால் ஏற்பட்டது என்று திகதியோடு எழுதி வையுங்கள். பழைய கிளினிக் கொப்பி, நோய் நிர்ணய அட்டை, எக்ஸ்ரே எதையும் எறியாதீர்கள். வழக்கோ தஞ்சக் கோரிக்கையோ இருந்தால் முதலில் சட்டத்தரணியுடன் பேசி, சட்ட வைத்திய நிபுணரின் பரிசோதனை அறிக்கையைப் பெறுங்கள். பிரதிகளை நம்பிக்கையான இன்னொருவரிடமும் வைத்திருங்கள்.

இன்னொன்று உயிரோடு சம்பந்தப்பட்டது. உடலில் உலோகச் சிதறல் இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், எந்தச் சிகிச்சைக்கு முன்னும் அதைச் சொல்லுங்கள். எம்ஆர்ஐ பரிசோதனையின் காந்தம் சில உலோகத் துண்டுகளை அசைக்கவோ சூடாக்கவோ கூடும். சிதறல் இருக்கும் இடத்தில் கண்மூடித்தனமாகக் குழாயோ ஊசியோ செலுத்துவதும் ஆபத்து.

யாருடைய பொறுப்பு?

கண்டித் தேசிய வைத்தியசாலையும் பேராதனைப் போதனா வைத்தியசாலையும் அரச வைத்தியசாலைகள். அங்கே தோல் நோய், சத்திரசிகிச்சை நிபுணர்களைக் காண்பதற்குக் கட்டணம் இல்லை. அருகிலுள்ள வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலிருந்தே கடிதம் பெற்றுச் செல்லலாம். ஆனால் இலவசம் என்ற சொல்லுக்குள் பேருந்துக் காசும் இழந்த நாட்கூலியும் அடங்குவதில்லை. காத்திருப்போர் பட்டியல் நீளம். அழுத்த ஆடையையும் சிலிக்கன் தகட்டையும் பலர் தமது காசில் வாங்க வேண்டியுள்ளது. தோட்டத் தொழிலாளிக்கோ, வன்னியில் கணவனை இழந்து குடும்பத்தைச் சுமப்பவருக்கோ ஐந்தாறு முறை கண்டிக்கு வந்து போவது ஒரு மாத வருமானத்தைத் தின்றுவிடும். அரச கிளினிக்குக்குப் போக முடியாத இடத்தில்தான் பின்னறை ஊசிக்காரர் நுழைகிறார்.

போரால் பாதிக்கப்பட்டவர்களுக்கான பரிகாரம் பணத்தோடு முடிவதில்லை. மருத்துவ, உளவியல் மறுவாழ்வும் அதன் பகுதி என்று 2005இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஏற்ற அடிப்படைக் கோட்பாடுகள் கூறுகின்றன. இலங்கையின் இழப்பீட்டுக்கான அலுவலகம் 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. தழும்புச் சிகிச்சை, அதற்கான பயணச் செலவு, அழுத்த ஆடை, தமிழில் ஆலோசனை ஆகியவற்றை அதன் பணிக்குள் கொண்டு வரும்படி கேட்பது பிச்சையல்ல. அதைக் கேட்க வேண்டியவர்கள் எமது பாராளுமன்றப் பிரதிநிதிகள்; கேட்க வைக்க வேண்டியவர்கள் நாங்கள். புலம்பெயர் உறவுகள் ஊருக்கு அனுப்பும் உதவியில் ஒரு பகுதி, வடக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் கண்டிக்கு வந்து தங்கிச் சிகிச்சை பெறுவோரின் பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் போனால், அது பல மேடைப் பேச்சுகளைவிடப் பயன் தரும்.

ஒரு நிலையத்துக்குள் நுழையும்போது மூன்று கேள்விகளை வெட்கமின்றிக் கேளுங்கள்: ஊசி போடுபவரின் மருத்துவ சபைப் பதிவு இலக்கம் என்ன? மருந்தின் பெயர் என்ன, அது இலங்கையில் பதிவானதா? ஏதும் பிழைத்தால் இரவில் எந்த வைத்தியசாலை என்னைப் பொறுப்பெடுக்கும்? பதில் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். பத்துப் பதினைந்து வருடம் பொறுத்த தழும்பு, சரியான கை கிடைக்கும்வரை இன்னும் சில மாதம் பொறுக்கும்.